காய்ச்சலுக்குப் பத்து வாரம் கழித்துக் கொட்டிய முடி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு வயது 34. கணினி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இடுப்பைத் தொடும் முடி. தோல் நோய்ப் பிரிவில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர் முதலில் எதுவும் பேசவில்லை. கைப்பையிலிருந்து ஏழு சின்ன பிளாஸ்டிக் பைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சுருள் முடி, மேலே பேனாவால் எழுதிய தேதி. ஒரு வாரம் கொட்டிய முடி அது.

"டாக்டர், இப்படியே போனால் இரண்டு மாதத்தில் தலையில் ஒன்றும் மிஞ்சாது" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டார்.

கொட்ட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காலையில் தலையணை உறையில், சீப்பில், குளியலறை வடிகாலில், சட்டை முதுகில் என்று எங்கும் முடி. முன்பு ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினால் இறுகிவிடும். இப்போது நான்கு சுற்று வேண்டியிருக்கிறது என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் மாற்றிய ஷாம்புதான் காரணம் என்று முடிவு செய்து பழைய ஷாம்புவுக்கே திரும்பியிருந்தார். அப்படியும் நிற்கவில்லை. பயத்தில் தலைக்குக் குளிப்பதையே குறைத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டார்.

பயத்துக்கு வேர் வேறு இடத்தில் இருந்தது. அவருடைய அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு உச்சியில் முடி மெலிந்து, வகிடு அகலமாகிவிட்டது. தனக்கும் அதுவே முன்கூட்டி வந்துவிட்டது என்று நம்பினார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை" என்றார். அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டேன். பின்னால் அது எங்களைச் சுற்றவிட்டது.

முதல் நாளில் கண்டவை

முதலில் பைகளைப் பார்த்தேன். கொட்டிய முடியை யாராவது சேர்த்துக் கொண்டுவந்தால் நான் ஒருபோதும் ஒதுக்கித் தள்ளுவதில்லை. தலையைவிட அதுதான் சில சமயம் நிறையச் சொல்லும். தலைக்குக் குளிக்காத ஒரு நாளின் பையைப் பிரித்து, கறுப்புத் தாளில் பரப்பி எண்ணினோம். 286 முடி. ஒவ்வொன்றின் வேர் நுனியையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றின் நுனியிலும் கடுகை விடச் சிறிய வெள்ளைக் குமிழ். காது குடையும் பஞ்சுக் குச்சியை மிகச் சிறியதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. "வேரோடு வந்துவிட்டது பாருங்கள் டாக்டர், இனி அந்த இடத்தில் முளைக்காது" என்றார். இந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. பலரும் இதையே சொல்வார்கள். உண்மையில் அந்த வெள்ளைக் குமிழ் நல்ல சேதி. வளர்ந்துகொண்டிருக்கும் முடியைப் பிடுங்கினால் வேர் கறுத்து, ஈரமான உறையோடு வளைந்து வரும். வெள்ளைக் குமிழோடு வருவது வளர்ச்சியை முடித்து, ஓய்வெடுத்து, தானாகக் கழன்ற முடி. முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது.

அப்புறம் தலை. சிவப்போ செதிலோ தழும்போ இல்லை. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்த இடம் எதுவும் இல்லை. உச்சி, பின்னந்தலை, இரு பக்கங்கள் என நான்கு இடங்களில் ஏறத்தாழ 50 முடியை விரல்களுக்கு இடையில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் 6 முதல் 9 வரை கையோடு வந்தன, எல்லாம் வெள்ளைக் குமிழோடு. சாதாரணமாக ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். பின்னந்தலையிலும் அதே அளவு வந்ததைக் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் பரம்பரையாக வரும் மெலிவு பெண்களுக்குப் பெரும்பாலும் உச்சியையும் வகிட்டையும்தான் பிடிக்கும். தோல் உருப்பெருக்கியில் பார்த்தபோது முடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருந்தன. பரம்பரை மெலிவில் தடித்ததும் மெல்லியதும் கலந்து கிடக்கும். இங்கே அது இல்லை. மாறாக, அங்கங்கே சின்னச் சின்னப் புது முடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரே கேள்விதான் பாக்கி. "மூன்று, நான்கு மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு ஏதாவது வந்ததா?"

"இல்லையே, நன்றாகத்தான் இருந்தேன்."

கைகளைக் காட்டச் சொன்னேன். இரண்டு பெருவிரல் நகங்களிலும் குறுக்கே ஒரு பள்ளம் ஓடியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். விரலால் தடவினால் இன்னும் தெளிவாகத் தெரியும். மற்ற விரல்களிலும் அதே உயரத்தில் மெல்லிய கோடு. உடம்பு கடுமையாக நோய்வாய்ப்பட்டபோது நக வளர்ச்சி சிலநாள் தடைப்பட்டதன் அடையாளம் இது. 1846இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போவின் பெயரால் போ கோடுகள் என்று அழைக்கிறோம். தோல் மடிப்பிலிருந்து பள்ளம் வரை அளந்தேன்: 6 மில்லிமீட்டர். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஆக இரண்டு மாதம். நகம் உருவாகும் இடம் தோலுக்குள் இருப்பதால் பள்ளம் வெளியே வர இன்னும் சில வாரம். கூட்டினால் ஏறத்தாழ மூன்று மாதம்.

"மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் ஏதாவது?" என்று நகத்தைக் காட்டியே கேட்டேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "நிமோனியா வந்தது டாக்டர். எட்டு நாள் காய்ச்சல், 40 டிகிரி வரை போனது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆனால் அது எப்பவோ சரியாகிவிட்டதே?"

தேதி பார்த்தோம். காய்ச்சல் வந்து 13 வாரம். முடி கொட்ட ஆரம்பித்தது பத்தாவது வாரத்தில்.

அந்தப் பத்து வாரம் எங்கே போனது

இந்த இடைவெளிதான் இந்த நிகழ்வின் மையம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி உண்டு. ஒவ்வொரு மயிர்க்காலும் தன் சொந்தக் கணக்கில் ஒரு சுழற்சியில் போய்க்கொண்டிருக்கிறது. முதலாவது அனாஜென் என்கிற வளர்பருவம். தலைமுடிக்கு இது 2 முதல் 6 ஆண்டு வரை நீடிக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒருவருக்கு முடி இடுப்பு வரை வருவதும் இன்னொருவருக்குத் தோளோடு நிற்பதும் பெரும்பாலும் இந்தப் பருவம் எத்தனை ஆண்டு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. புருவ முடி நீளாமல் இருப்பதும் இதனால்தான். அதன் வளர்பருவம் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. அடுத்தது கேட்டஜென் என்கிற ஒடுங்கும் பருவம், இரண்டு மூன்று வாரம். மயிர்க்காலின் கீழ்ப்பகுதி சுருங்கி மேலே ஏறும், நிறமி உற்பத்தி நிற்கும். வேர் நுனி வெளுத்துப்போவது இங்கேதான். மூன்றாவது டெலோஜென் என்கிற ஓய்வுப் பருவம், ஏறத்தாழ மூன்று மாதம். முடி வளராது, ஆனால் விழவும் விழாது, பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். கடைசியில் அது கழன்று விழுவதை எக்ஸோஜென் என்று தனிப் பருவமாகவே சொல்கிறார்கள். அதே நேரத்தில் அடியில் அடுத்த முடி வளரத் தொடங்கியிருக்கும்.

அனாஜென், கேட்டஜென், டெலோஜென் என்ற பெயர்கள் எலியின் ரோமத்தை ஆராய்ந்த டிரை என்பவர் 1926இல் வைத்தவை. எலியின் முடி உடம்பில் அலை அலையாக ஒன்றாகப் பருவம் மாறும். மனிதனுக்கு அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் வெவ்வேறு பருவத்தில் இருக்கும். எந்த நாளில் பார்த்தாலும் 85 முதல் 90 சதவீதம் வளர்பருவத்தில், ஒன்றிரண்டு சதவீதம் ஒடுங்கும் பருவத்தில், மீதி ஓய்வில். அதனால்தான் தினமும் கொஞ்சம் கொட்டினாலும் நமக்குத் தெரிவதில்லை.

கடும் காய்ச்சல் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. முடியை உண்டாக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் சேர்ந்தவை. உடம்பு உயிரைக் காக்கப் போராடும்போது இவ்வளவு செலவு பிடிக்கும் வேலை நிறுத்தப்படுகிறது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டு வளர வேண்டிய முடிகள் கூட்டமாக வளர்பருவத்தை விட்டு ஓய்வுக்குப் போகின்றன. அன்றைக்கு ஒரு முடிகூட விழாது. அந்தக் கூட்டம் மொத்தமும் ஓய்வுப் பருவத்தை முடித்து ஒன்றாகக் கழலும்போதுதான் தெரியும். அதற்குள் இரண்டு மூன்று மாதம் போயிருக்கும், காய்ச்சலும் மறந்துபோயிருக்கும். 1961இல் இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்து விளக்கியவர் கிளிக்மன். இதற்குள்ளேயே ஐந்து வகை உண்டு என்று 1993இல் ஹெடிங்டன் பிரித்துக் காட்டினார். காய்ச்சலுக்குப் பின் வருவது, வளரும் முடி உடனே ஓய்வுக்குத் தள்ளப்படும் வகை.

அவருக்கு நான் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒரு லட்சம் முடியில் 10 சதவீதம் ஓய்வில் இருந்தால் 10,000. அவை நூறு நாளில் விழுந்து தீர வேண்டும் என்றால் நாளுக்கு 100. காய்ச்சலால் அது 30 சதவீதம் ஆனால் 30,000. நாளுக்கு 300. அவர் கொண்டுவந்த பையில் 286 இருந்தது. "அப்படியென்றால் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டார். பையைப் பார்த்து அவர் அழாமல் பேசியது அப்போதுதான்.

எடுத்த தீர்மானங்கள்

உச்சந்தலைத் தோலைத் துளைத்து எடுக்கும் பயாப்ஸி வேண்டாம் என்று முடிவு செய்தேன். தலை முழுக்கப் பரவலான உதிர்வு, வெள்ளைக் குமிழ், ஒரே தடிமன், நகத்தில் பள்ளம், சரியான இடைவெளியில் ஒரு நிமோனியா. இவ்வளவும் ஒரே பக்கம் கை காட்டும்போது தையல் போடும் சோதனை அவருக்கு எதையும் கூட்டித் தராது. ஆறு மாதம் தாண்டியும் உதிர்வு தொடர்ந்தாலோ, முடியின் தடிமன் மாற ஆரம்பித்தாலோ அப்போது யோசிக்கலாம் என்று எழுதி வைத்தேன்.

இரத்தப் பரிசோதனை எழுதினேன்: இரத்த அணுக்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. காய்ச்சல் காரணம் என்று தெரிந்த பிறகும் எதற்கு என்றால், இரண்டு காரணம் ஒன்றாக வருவது அபூர்வம் அல்ல. இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி பரவலான உதிர்வைத் தரும். அவை பின்னால் ஒளிந்திருந்தால் காய்ச்சலின் அலை ஓய்ந்த பிறகும் முடி தேறாது.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தைத் தரவில்லை. மயிர்க்கால்கள் நலமாக இருக்கின்றன, தாமாகவே வளர்பருவத்துக்குத் திரும்பும். பழைய ஷாம்புவைத் தொடரலாம், புதியதையும் போடலாம், இரண்டுக்கும் இதில் பங்கில்லை என்றேன். வழக்கம்போலத் தலைக்குக் குளிக்கச் சொன்னேன். குளிக்கும்போது வரும் முடி ஏற்கெனவே கழன்று நிற்பது. ஐந்து நாள் சேர்த்து வைத்துக் குளித்தால் ஐந்து நாள் முடியும் ஒரே நாளில் வந்து கையை நிறைக்கும், அதைப் பார்த்து இன்னும் பயந்து குளியலைத் தள்ளிப் போடத்தான் தோன்றும்.

பைகளில் சேர்ப்பதை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பதிலாக வாரம் ஒரு நாள், தலைக்குக் குளிக்கும் முன் ஒரு நிமிடம் மட்டும் உச்சியிலிருந்து முன்பக்கமாகச் சீவி, விழுந்ததை எண்ணிக் குறித்துவைக்கச் சொன்னேன். முதல் எண்ணிக்கை 41.

இங்கே ஒரு பிழை செய்தேன். "இது தானாகச் சரியாகும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். எத்தனை வாரத்தில் என்று சொல்லவில்லை.

தைராய்டு அறிக்கை

ஒரு வாரத்தில் முடிவுகள் வந்தன. ஹீமோகுளோபின் 11.6, கொஞ்சம் குறைவு. ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம், மிகக் குறைவு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 0.1, இயல்புக்கு வெகு கீழே. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 இயல்புக்கு மேலே. காகிதத்தை மட்டும் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். அந்த நோயிலும் முடி கொட்டும் என்பதால் எல்லாம் அழகாகப் பொருந்தியது. மருந்து தொடங்கச் சொல்லி நாளமில்லாச் சுரப்பி மருத்துவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

எழுதும் முன் அவரைக் கூப்பிட்டு நாடி பார்த்தேன்: 74. கை நடுங்கவில்லை. எடை குறையவில்லை. வியர்வை இல்லை. தூக்கம் சரியாக இருந்தது. இந்த அளவுக்கு அறிக்கை கெட்டிருக்கும் ஒருவர் இப்படி அமைதியாக உட்கார்ந்திருக்க மாட்டார். மறுபடி கேட்டேன், இந்த முறை வேறு மாதிரி: "மருந்து என்று இல்லை, வைட்டமின், பொடி, சத்து மாத்திரை, எது வாயில் போட்டாலும் சொல்லுங்கள்."

"முடிக்கு நல்லது என்று பயோட்டின் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது வைட்டமின்தானே?"

பெட்டியின் படத்தை அலைபேசியில் காட்டினார். நாளுக்கு ஒன்று, 10 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல்.

பல ஆய்வகக் கருவிகள் இரத்தத்தில் ஹார்மோனை அளக்க, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மையையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் அது கொக்கிகளை அடைத்துவிடும். டிஎஸ்எச் அளக்கும் முறையில் இதனால் அளவு பொய்யாகக் குறையும். டி4 அளக்கும் முறை வேறு என்பதால் அங்கே பொய்யாகக் கூடும். இரண்டும் சேர்ந்தால் தைராய்டு நோய் போலவே ஒரு காகிதம் கிடைக்கும். 2017இல் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதைப் பற்றிப் பொதுவான எச்சரிக்கையே விட்டது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையும் இதில் ஏமாறக்கூடும் என்பது இன்னும் கவலையான விஷயம்.

ஃபெரிட்டினும் சில கருவிகளில் இதே முறையில் அளக்கப்படுவதால் அந்த 9ஐயும் நம்ப முடியவில்லை. பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். டிஎஸ்எச் 2.3. டி4 இயல்பு. ஃபெரிட்டின் 17. தைராய்டு நோய் இல்லை. இரும்புச் சத்துக் குறைவு உண்மை. மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் என்பது விசாரித்தபோது தெரிந்தது. அதற்கு மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். இரும்பு மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கினேன். தினமும் போடுவதைவிட அப்படிப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும், வயிற்றுக்கும் இதம்.

பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். பயத்தில் இருப்பவர் தானாகச் செய்துகொண்ட ஒரே காரியம் அது.

ஆறாவது வாரம்

வாராந்திர எண்ணிக்கை 41, 38, 33, 27, 24 என்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது வாரம் 47. அன்றைக்கே வந்துவிட்டார். "இறங்குகிறது என்று நம்பினேன் டாக்டர், இப்போது முதலில் இருந்ததைவிட மோசம்."

கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பொறுமை போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி மினாக்சிடில் கரைசல் வாங்கி, 18 நாளாகத் தடவிக்கொண்டிருந்தார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தானாகச் சரியாகும் என்று சொன்னவன் எப்போது என்று சொல்லாததால், ஒவ்வொரு காலையும் அவர் ஏமாந்துகொண்டிருந்தார்.

மினாக்சிடில் ஓய்வில் இருக்கும் மயிர்க்கால்களைச் சீக்கிரம் அடுத்த வளர்ச்சிக்குத் தள்ளும். அப்படித் தள்ளும்போது அங்கே ஒட்டிக்கொண்டிருந்த பழைய முடி முன்கூட்டியே கழலும். போட ஆரம்பித்த இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் உதிர்வு கூடுவது அதனால்தான். பரம்பரை மெலிவு உள்ளவருக்கு இதைத் தாண்டிப் போனால் பலன் உண்டு. இவருக்கோ ஏற்கெனவே ஒரு பெரிய கூட்டம் ஓய்வில் இருந்தது. மினாக்சிடில் அதை அவசரப்படுத்தியது, அவ்வளவுதான்.

தொடரலாமா நிறுத்தலாமா என்று இரண்டையும் யோசித்தோம். தொடர்ந்தால் கெடுதல் இல்லை. ஆனால் உதிர்வு நின்றபின் நின்றது எதனால் என்று தெரியாமல் போகும், காரணமே இல்லாமல் காலம் முழுக்க அதைத் தடவிக்கொண்டிருக்க நேரும். 18 நாள்தான் ஆகியிருந்ததால் நிறுத்துவதில் பெரிய இழப்பும் இல்லை. நிறுத்தினோம்.

அன்றைக்குத்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு மாதங்களைக் குறித்தேன். காய்ச்சல் எங்கே, உதிர்வு தொடங்கியது எங்கே, இன்னும் எத்தனை வாரம் கொட்டலாம், குட்டி முடி எப்போது கண்ணில் படும், ரப்பர் பேண்ட் எப்போது பழையபடி இறுகும். கடைசியில் கேள்விக்குறி போட்டு "இதைத் தாண்டியும் கொட்டினால் திரும்ப வரவும்" என்று எழுதினேன். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில், பிளாஸ்டிக் பைகள் இருந்த அதே அறையில் வைத்துக்கொண்டார்.

திரும்ப வளர்ந்தது

முதல் சந்திப்பிலிருந்து மூன்றாவது மாதம் எண்ணிக்கை 14. நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முடி குத்திட்டு நின்றது. அதைப் பார்த்து "முடி ஒடிகிறது" என்று பயந்திருந்தார். உருப்பெருக்கியைத் திரையில் இணைத்து அவருக்கே காட்டினேன். ஒடிந்த முடியின் நுனி மொட்டையாக, கத்தரித்த மாதிரி இருக்கும். இவருடைய குட்டி முடிகளின் நுனி ஊசி போலக் கூம்பியிருந்தது. கத்தரி படாமல் தோலிலிருந்து புதிதாக வந்த முடிக்கு மட்டும்தான் அந்தக் கூர். ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருவிரல் நகத்துப் பள்ளம் நுனியை எட்டி, அடுத்த சில வாரங்களில் வெட்டுப்பட்டுப் போனது. ஃபெரிட்டின் 46. ஆறாம் மாதத்தில் எண்ணிக்கை 9, அதற்குப் பிறகு 6 முதல் 10க்குள் நின்றது. இழுத்துப் பார்த்தால் நான்கு இடத்திலும் சேர்த்து இரண்டே முடி.

ஆனாலும் ஒன்பதாவது மாதம் வந்தபோது அவருக்கு மனம் நிறையவில்லை. "தலையில் அடர்த்தி தெரிகிறது, பின்னல் மட்டும் எலி வால் மாதிரி இருக்கிறது." அவர் சொன்னது சரிதான். ஒன்பது மாதத்தில் புது முடி ஒன்பது பத்து சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கும். இடுப்பு வரை போகும் பின்னலின் கீழ்ப்பாதியில் அதற்கு இன்னும் இடமே இல்லை. கொட்டிய முடி அந்த நீளத்தை எட்ட ஐந்தாறு ஆண்டு எடுத்துக்கொண்டது. புதியதுக்கும் அதே காலம் வேண்டும். முடியைத் தோளுக்குக் கொஞ்சம் கீழே வெட்டிக்கொள்வது பற்றிப் பேசினோம். வெட்டினால் வேகமாக வளரும் என்பது உண்மையில்லை என்பதையும், அடியும் நுனியும் ஒரே பருமனாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். முடிவை அவரிடமே விட்டேன். வெட்டிக்கொண்டார்.

அம்மாவின் மெலிவைப் பற்றிய கேள்வியையும் அன்று மறுபடி எடுத்துக்கொண்டோம். இப்படிப்பட்ட உதிர்வு, அடியில் ஒளிந்திருக்கும் பரம்பரை மெலிவைச் சில சமயம் வெளிக்கொண்டு வரும். உதிர்வு ஓய்ந்த பிறகு வகிடு பழைய அளவுக்குத் திரும்பாததும், முடியின் தடிமன் கலப்படமாவதும் அதற்கு அடையாளம். முதல் நாள் எடுத்த வகிட்டுப் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வகிடு குறுகியிருந்தது, தடிமன் ஒரே சீராக இருந்தது. பின்னால் வரவே வராது என்று சொல்ல என்னால் முடியாது. இப்போதைக்கு அதன் சுவடு இல்லை என்று சொன்னேன். ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் எடுத்து ஒப்பிடலாம் என்று ஒப்புக்கொண்டோம்.

இப்போது மாற்றிக்கொண்டவை

"என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். வைட்டமினையும் சத்துப் பொடியையும் மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் படம் எடுத்து வரச் சொல்கிறேன், இரத்தம் எடுக்கும் சீட்டு எழுதும் முன்பாக. பயோட்டின் இருந்தால் முதலில் நிறுத்தம், குறைந்தது மூன்று நாள், இவர் எடுத்த மாதிரி அதிக அளவு என்றால் ஒரு வாரம், அப்புறம்தான் ஊசி. அறிக்கையும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்றால் கடிதம் எழுதும் முன் நாடியைப் பிடிப்பது என்ற பழக்கத்தை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்றினேன். "மூன்று மாதத்துக்கு முன் உடம்பு சரியில்லாமல் இருந்ததா" என்றால், குணமாகிவிட்ட நோய் யாருக்கும் ஞாபகம் வராது. உதிர்வு தொடங்கிய தேதியைக் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி மாதம் மாதமாக நடத்திக் கூட்டிப்போகிறேன்: காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், கடுமையான உணவுக் கட்டுப்பாடு, புதிதாகத் தொடங்கிய அல்லது நிறுத்திய மாத்திரை, வீட்டில் ஒரு சாவு. நகத்தை எப்போதும் பார்க்கிறேன்.

மாதங்கள் குறித்த அந்தத் தாள் இப்போது அச்சடித்து மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் நாளே ஆளுக்கு ஒன்று, அவரவர் தேதிகளைக் கையால் எழுதிக் கொடுக்கிறேன். உதிர்வு இன்னும் எத்தனை வாரம் தொடரும், எது கூடினால் பயப்பட வேண்டியதில்லை, எது தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று அதில் இருக்கிறது: வட்டமாகச் சொட்டை, தோலில் வலியோ எரிச்சலோ, ஆறு மாதம் கடந்தும் நிற்காத உதிர்வு. மினாக்சிடில் ஏன் இப்போது தரவில்லை என்பதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், கேட்காவிட்டாலும்.

இந்தக் குறிப்பை எழுத அவரிடம் அனுமதி கேட்டபோது கொடுத்தார், பெயரும் ஊரும் வேண்டாம் என்று மட்டும் சொல்லி. அன்றைக்கு ரப்பர் பேண்டை எத்தனை சுற்று சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார்; இரண்டாவது சுற்றிலேயே இப்போது கொஞ்சம் இறுகுகிறது என்றார்.